கணவாய்க் காற்று

ஆடி பிறந்துவிட்டால் நம் திருப்பூருக்குக் காற்றுப் பஞ்சம் இல்லை. ஆலய முற்றத்து வேப்பமரம் கிழக்கு நோக்கிச் சாய்ந்து சாய்ந்து எழும். வெட்டுத்துணிக் கிடங்கிலிருந்து பறந்துவரும் பனியன் துண்டுகளும், பின்னல் ஆலைகளின் சன்னல்கள் வழியே வெளியேறும் பஞ்சுத்தூசியும், கிழிந்த சுவரொட்டிகளும் திருப்பலி நேரத்தில் பீடம்வரை வந்து சேரும். மெழுகுதிரிகளை அணையாமல் காப்பது உபதேசியாருக்குப் பெரும்பாடு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று அவர் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்வார். நாமும் முதன்முறையாகக் கேட்பதுபோலத் தலையசைப்போம்.

இக்காற்று எங்கிருந்து வருகிறது என்பதை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. அரபிக்கடலிலிருந்து எழும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயில் நெருக்கியடித்துப் புகுந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று பரந்து வீசுகிறது. மே முதல் செப்டம்பர் வரை அதன் ஆட்சிதான். பின்னலாடை முதலாளிகளும் ஆலை அதிபர்களும் அதை வீணாக்கவில்லை. உடுமலைப் பக்கம் போகிறவர்கள் வயல்வெளியெங்கும் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நமக்குக் காற்று என்றால் மின்சாரம். மின்சாரம் என்றால் ஓடுகின்ற தையல் எந்திரம். மலைக்கு அப்பால் அது என்ன செய்துவிட்டு நம்மிடம் வருகிறது என்பதை ஐம்பது வயது கடக்கும்வரை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எண்ண வைத்தவர் ஓர் ஓவர்லாக் தையற்காரர். வயது அப்போது இருபத்திரண்டு இருக்கலாம்.

2019ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், புனித இராயப்பர், சின்னப்பர் திருவிழா. அன்று சனிக்கிழமை, திருப்பூரில் சம்பள நாள். மாலைத் திருப்பலியில் கூட்டம் சிறிதே. மத்தேயு எழுதிய நற்செய்தியில் வரும் தூண்டில் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினோம். ஆலய வரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, கடலில் தூண்டில் போட்டு முதலில் அகப்படும் மீனின் வாயில் இருக்கும் காசை எடுத்துவரும்படி ஆண்டவர் இராயப்பரை அனுப்பிய நிகழ்ச்சி அது. நற்செய்திகளில் ஏனைய மீன்பிடிப்பெல்லாம் வலையால் நிகழ்வது. தூண்டில் வருகிற இடம் இது ஒன்றே. இந்த நுணுக்கத்தைக் குருமடத்தில் கற்ற பெருமையோடு எடுத்துச் சொல்லி, தூண்டிற்காரனின் பொறுமையைப் பற்றியும், அமைதியான நீரைப் பற்றியும், மனம் ஒன்றிக் காத்திருத்தலைப் பற்றியும் கால்மணி நேரம் பேசினோம்.

திருப்பலி முடிந்ததும் அத்தம்பி சாக்கிறிஸ்து வாசலில் நின்றார். "சாமி, காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு நீங்க சொல்லவே இல்லியே," என்றார்.

எந்தக் காற்று என்று கேட்டோம்.

"இராயப்பர் தூண்டில் போட்ட அன்னைக்கு. காத்துத் தெரியாம எப்படித் தூண்டில் போட்டிருப்பாரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி நம்மை உறுத்தியது. அவிநாசிப் பக்கத்துக் குட்டையில் மண்புழு கோத்துக் கெண்டைக் குஞ்சு பிடித்த பால்யகால அனுபவம் ஒன்றைத் தவிர, மீன்பிடிப்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. நொய்யலிலே மீன் பிடித்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுண்டு. நாம் பங்குக் குருவாக வந்த காலத்து நொய்யலில் சாயத்தின் நிறத்தைத்தான் பார்க்க முடிந்தது. கால் நூற்றாண்டுக் காலம் மீனவரைப் பற்றியும் வலையைப் பற்றியும் படகைப் பற்றியும் வாய் ஓயாமல் பிரசங்கித்தவர், ஒருநாளும் கடலில் ஒரு நூலை இறக்கியதில்லை.

தம்பியின் குடும்பம் திருவனந்தபுரத்தையடுத்த வலியதுறையில் இருந்தது. தந்தை குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்து, மணம் முடித்து அங்கே குடியேறியவர். தம்பி பாட்டி வீட்டில் தங்கித் தமிழில் படித்தவர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது இவருடைய அண்ணன் கடலில் இருந்தார். புயல் எச்சரிக்கை வருமுன்பே கரையை விட்டுப் போயிருந்த எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். குமரிக் கரையிலும் திருவனந்தபுரக் கரையிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. இவர் அண்ணனுக்கும் கல்லறை இல்லை. இறந்த விசுவாசிகள் நாளன்று தாய் மெழுகுதிரியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் கடற்கரை மணலில் ஊன்றுவாராம். காற்று அதை நிற்கவிடாது. எஞ்சிய மகனை மறு ஆண்டே திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றரை ஷிப்டு வேலை, வாரச் சம்பளம், ஓர் அறையில் ஆறு பேர். தம்பி கெட்டிக்காரர், எட்டே மாதத்தில் கைமடியிலிருந்து ஓவர்லாக்குக்கு உயர்ந்தார். ஆனால் மனம் இங்கே இல்லை. அந்த ஆடியில் ஊருக்குப் போனால் கடலிலேயே தங்கிவிடுவதென்று தீர்மானித்திருந்தார்.

இதை நமக்குச் சொன்னவர் அவருடைய தாய். எவரிடமோ எண்ணை வாங்கித் தொலைபேசியில் அழைத்தார். "ஒருத்தனைக் கடல் எடுத்துகிட்டு. இவனாவது நூலோட பிழைக்கட்டும் சாமி. நீங்க சொன்னா கேப்பான்," என்று அழுதார். நாம் சொல்வதாக வாக்களித்தோம். வாக்களிப்பது நமக்கு எளிது.

குருமடத்தில் நம்மோடு பயின்று திருவனந்தபுரத்தில் பணியாற்றிய தோழர் ஒருவரின் குருத்துவ வெள்ளிவிழா அந்த ஜூலையில் வந்தது. தம்பியும் நாமும் ஒரே இரயிலில் புறப்பட்டோம். பாலக்காட்டைக் கடக்கையில் எதிர்க்காற்றில் மழை பெட்டிக்குள் சாரலடித்தது. சன்னலை இழுத்து மூடிய தம்பி, "இங்கேயே இப்படின்னா அங்கே பாலத்துல நிக்க முடியாது," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைத் திருப்பூரில் நாம் ஒருநாளும் கண்டதில்லை.

பாலம் என்று அவர் சொன்னது வலியதுறைக் கடற்பாலத்தை. வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, இனிப் பார்க்கவும் இயலாது. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறோம். அக்கரையில் கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேரே திறந்த கடல். அலை மணலில் வந்து இடியாய் விழும். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் சரக்கை ஏற்றிவந்து, அலை மடங்கும் இடத்துக்கு அப்பாலேயே கரைசேர்ப்பதற்காகக் கடலுக்குள் நீண்டு செல்லும் பாலம் ஒன்றைத் திருவிதாங்கூர் அரசர் காலத்தில், 1825இல், இரும்பால் அமைத்தார்கள். 1947 நவம்பரில் 'பண்டிட்' என்ற நீராவிக் கப்பல் மோதி அப்பாலம் நொறுங்கியது. பின்னர் 1956இல் கான்கிரீட் தூண்கள்மேல் 703 அடி நீளத்துக்குப் புதிய பாலம் எழுந்தது. கொச்சித் துறைமுகம் வளர வளர இங்கே கப்பல் வரத்து குறைந்து நின்றே போயிற்று. கப்பல் கைவிட்ட பாலத்தை மீனவர் எடுத்துக்கொண்டனர்.

ஏன் என்பது மறுநாள் விடியற்காலையில் விளங்கியது. விசைப்படகுகளுக்கு ஜூலை இறுதிவரை தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை இல்லை; ஆனால் காற்றுதான் தடை. கரையோரம் வரிசையாக மடங்கி விழும் அலைகளைக் கடந்து எந்தக் கட்டுமரமும் வெளியேற முடியாது. ஆனால், அலை மடங்கும் வரிசைக்கு அப்பால் நீண்டிருக்கும் பாலத்தின் முனையிலிருந்து கட்டுமரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, பின்னாலேயே ஆளும் கடலில் குதித்து அதைப் பிடித்து ஏறிவிட்டால், அலையின் தொல்லை இல்லை. மழைக்காலத்துப் பட்டினியிலிருந்து அவ்வூரைக் காத்து வந்தது இந்த வித்தைதான். குதிக்கும் வயது கடந்தோரும், மரம் இல்லாதோரும் பாலத்தின்மேல் நின்றே கைத்தூண்டில் போடுவர்.

தம்பியின் தந்தை அப்படி நின்றுகொண்டிருந்தார். அறுபதை எட்டிய மெலிந்த மனிதர். தலையில் நெகிழித்தாள், வாயில் அணைந்த பீடி, கையில் மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நூல். நம்மைக் கண்டதும் தலையை மட்டும் தாழ்த்தினார். கை நூலை விடவில்லை. மகனைப் பார்த்து, "சாப்பிட்டியா மக்கா?" என்றார். ஓராண்டுக்குப் பிறகு சந்திக்கும் தந்தையும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவே.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூரில் நாம் அறிந்தது அதன் எச்சமே. அங்கே அது பேசவிடாது. வாயைத் திறந்தால் உள்ளே புகும். அங்கி காலோடு ஒட்டிப் படபடக்கும். ஒவ்வொரு பேரலைக்கும் பாலம் அடியிலிருந்து அதிர்வது பாதத்தில் தெரியும். கைப்பிடிச் சுவர் உடைந்துபோன இடங்களில் கான்கிரீட்டுக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. உப்புச் சாரலில் மூக்குக் கண்ணாடி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மங்கிற்று. இதனிடையே முப்பது நாற்பது பேர், ஏதோ திண்ணையில் அமர்ந்திருப்பவர்போல், அமைதியாக நூலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் தென்புறம் நெருக்கமாக ஆட்கள் நின்றார்கள். வடபுறம் வெறிச்சோடிக் கிடந்தது. இவர்கள் ஏன் இப்படி முண்டியடிக்கிறார்கள் என்று எண்ணி, நாம் வடபுறம் போய் நின்று, கடன் வாங்கிய தூண்டிலை இறக்கினோம். யாரும் தடுக்கவில்லை. சாமியாரைத் தடுப்பது மரியாதையன்று என்று இருந்திருப்பார்கள். நூல் நேரே கீழே இறங்காமல் பாலத்துக்கு அடியில் ஓடியது. இழுத்தோம், வரவில்லை. பலமாக இழுத்தோம், அறுந்தது. மறுமுறையும் அவ்வாறே. மூன்றாவது முறை நம் நூல் பாலத்தின் அடியால் போய்த் தென்புறத்து மூவரின் நூல்களோடு சிக்கிக்கொண்டது. அந்த மூவர் மலையாளத்தில் சொன்னது நமக்கு முழுமையாகப் புரியாதது இறையருள்.

பெரியவர் வந்து நம் கையைப் பிடித்துத் தென்புறம் அழைத்துச் சென்றார். "மழைக்காலத்துல நீவாடு வடக்கேருந்து தெக்கே ஓடும் சாமி," என்றார். நீவாடு என்பது கடல் நீரோட்டம். வடபுறத்தில் இறக்கிய நூலை அது பாலத்துக்கு அடியில் தள்ளித் தூண்களில் மாட்டும். தூணெங்கும் ஒட்டியிருக்கும் சிப்பியும் மட்டியும் கத்திபோல் நூலை அறுத்துவிடும். தென்புறத்தில் இறக்கினால் அதே ஓட்டம் நூலைப் பாலத்தைவிட்டு வெளியே கொண்டுபோகும். காற்றும் முதுகுப்பக்கம் இருக்கும். வெறிச்சோடிய இடம் ஏன் வெறிச்சோடியிருக்கிறது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால் இரண்டு தூண்டில்கள் மிஞ்சியிருக்கும்.

மற்றொன்றையும் கற்பித்தார். காற்றுநாளில் நூல் வில்லாக வளைந்து நிற்கும். மீன் இழுக்கிறதா காற்று இழுக்கிறதா என்று தெரியாது. கையை உயர்த்தி வைத்திருக்கும் புதியவன் காற்றைத்தான் பிடிப்பான். கையைத் தாழ்த்தி, ஈயத்தைக் கூட்டி, நூல் காற்றில் நிற்கும் நீளத்தை இயன்றவரை குறைத்து, சுட்டுவிரலின் நுனியால் மட்டும் நூலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது அயலையோ வங்கடையோ அல்ல. அவை வெடுக்கென்று இழுப்பதால் தெரிந்துவிடும். அன்று பாலத்தைச் சுற்றி ஏறியிருந்தது கணவாய்.

அது கடிப்பதில்லை. இறாலைப் போலச் செய்து, அடியில் வட்டமாக முட்கள் பொருத்திய பொய்யிரையை மெல்ல உயர்த்தித் தாழ்த்தினால், இரை நீந்துவதாக எண்ணிப் பின்தொடர்ந்து, தன் கைகளால் அதைத் தழுவிக்கொள்ளும். ஒரு ஈரத்துணி நூலில் தொங்குவதுபோல இலேசான கனம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கனத்தைக் காற்றின் கனத்திலிருந்து பிரித்தறிந்து, தளரவிடாமல் ஒரே சீராக நூலை ஏற்ற வேண்டும். முள்ளில் எதிர்நாக்குக் கிடையாது. ஒரு கணம் தளர்ந்தால் நழுவிவிடும்.

தம்பி தந்தையின் பக்கத்தில் நின்று இரண்டாவது நூலை இறக்கியிருந்தார். அவர் சுட்டுவிரலைக் கவனித்தோம். ஓவர்லாக் எந்திரத்தில் நூல் ஓடும்போது இறுக்கம் பார்க்க அவர் விரல் வைப்பதைக் கம்பெனியில் ஒருமுறை கண்டிருக்கிறோம். அதே விரல், அதே தொடுகை. "எட்டு மாசத்துல எப்படி ஓவர்லாக் வந்துச்சுன்னு மாஸ்டர் கேப்பாரு சாமி. இதுதான்," என்றார்.

நமக்கும் ஒன்று ஏறியது. ஏறியது என்று நமக்குத் தெரியவில்லை. பெரியவர்தான் நம் நூலைப் பார்த்து, "இழுங்க" என்றார். சுவர்மேல் வந்த கணவாய் நம்மைத் திரும்பிப் பார்த்து, இருந்த மையெல்லாம் வெள்ளை அங்கியின்மீது பீய்ச்சியது. மார்பிலிருந்து முழங்கால்வரை கருமை. பாலம் முழுவதும் சிரித்தது. சற்றுமுன் நம்மை வைத மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். மலையின் வாயும் கணவாய், இம்மீனும் கணவாய். ஒன்று அனுப்பும் தூசியால் நம் அங்கி திருப்பூரில் அழுக்காகிறது, மற்றொன்று இங்கே கறை செய்கிறது என்று பெரியவரிடம் சொன்னோம். காற்றில் அவருக்குப் பாதிதான் கேட்டது. மரியாதைக்குப் புன்னகைத்தார்.

அப்போதுதான் பாலத்தின் முனையில் கூச்சல் எழுந்தது. நால்வர் கட்டுமரம் ஒன்றைத் தூக்கிவந்திருந்தனர். தம்பியின் வயதினர், உடன் வளர்ந்தவர்கள். ஒருவர் கை குறைகிறது என்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கூவினர். மரம் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கடல் கருத்து, ஏறும்போது கைக்கெட்டும் தொலைவுக்கு வந்து, இறங்கும்போது மூன்று ஆள் ஆழத்துக்குப் போயிற்று. முதல் இளைஞர் குதித்தார். தலை மறைந்தது, எண்ணத் தொடங்கிவிட்டோம், பத்துக்குள் மேலே வந்து மரத்தைப் பற்றினார்.

தம்பி சட்டையைக் கழற்றினார்.

தாய்க்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. இரயிலில் இரவெல்லாம் அதற்கான சொற்களை அடுக்கி வைத்திருந்தோம்: பெற்றோரின் முதுமை, அண்ணனின் நினைவு, கைத்தொழிலின் பாதுகாப்பு. "தம்பி," என்று அழைத்தோம். அச்சொல்லைக் காற்று கிழக்கே கொண்டுபோயிற்று. ஒருவேளை பாலக்காடு வழியாகத் திருப்பூருக்கே போயிருக்கும். அவர் திரும்பவில்லை. பெரியவரைப் பார்த்தோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. 'போகாதே' என்று அவர் சொல்லவில்லை. மூத்த மகனையும் ஒருநாள் அவர்தான் வழியனுப்பியவர். எந்தச் சொல்லால் தடுப்பது?

மகன் இரண்டடி எடுத்து வைத்தபோது, "மக்கா, இதைப் பிடி. ஏறுது," என்று தம் நூலை அவர் கையில் திணித்தார். "தளர விட்டுடாதே. பெருசு."

தூண்டிற்காரன் ஒருவன் ஏறிக்கொண்டிருக்கும் நூலைக் கையில் வாங்கினால் விட்டுப் போகமாட்டான். தம்பி சுட்டுவிரலை வைத்து, முகம் சுளித்து, மெல்ல மெல்ல ஏற்றலானார். நூல் நீளமாக விடப்பட்டிருந்தது. ஏற்றி முடிக்கும்போது கட்டுமரத்தில் மூவர் ஏறித் துடுப்புப் போட்டு விலகியிருந்தனர். நூலின் முனையில் வெறும் பொய்யிரை வந்தது.

"விட்டுட்டியே மக்கா," என்றார் தந்தை.

தம்பி ஒன்றும் பேசவில்லை. சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, பாலத்தின் கரைப்பக்கம் நடந்துவிட்டார். அந்த நூலில் கணவாய் இருந்ததா என்று நமக்கு இன்றுவரை தெரியாது. பெரியவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைக்க முயன்று, ஆறு தீக்குச்சிகளைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, முயற்சியைக் கைவிட்டார்.

நிறைவான கதையாக இருந்தால் அந்தக் கட்டுமரத்துக்கு ஏதேனும் நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை. மதியத்துக்குள் மூவரும் நலமாகத் திரும்பினார்கள், நல்ல பாடு. பங்கு பிரித்ததில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது தம்பி திருப்பூரில் ஒரு வாரம் ஒன்றரை ஷிப்டு ஓட்டிப் பெறும் சம்பளத்துக்கு மேல். அதை அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பியின் முகத்தை நாம் பார்க்கவில்லை, பார்க்காதிருக்க முயன்றோம்.

தாய் கட்டன் சாயாவும் கணவாய்க் குழம்பும் சோறும் பரிமாறினார். அவர்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. முன்னிருந்த வரிசைகளைக் கடல் எடுத்துவிட்டது. வீடிழந்த அண்டை அயலார் பலர் பள்ளிக்கூட அறைகளிலும் பழைய துறைமுகக் கிடங்குகளிலும் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்தனர். சாப்பாட்டினிடையே அவர் நம் காதருகே குனிந்து, "நீங்க சொன்னதாலதான் சாமி குதிக்காம வந்தான். இவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரு," என்று கண் கலங்க நன்றி சொன்னார். நாம் சொன்ன ஒரே சொல் காற்றோடு போயிற்று என்பதை அப்போதே கூறியிருக்க வேண்டும். பெரியவர் எதிரில் அமர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை. நாம் அந்த நன்றியை வாங்கிக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் குழம்பும் வாங்கிக்கொண்டோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இப்பக்கங்களில் அதை ஒப்புக்கொள்கிறோம். அவர் வீட்டுக்கும் இவ்விதழ் போகிறது.

தம்பி அந்த முறை திருப்பூருக்குத் திரும்பினார். நம்மோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எந்திரங்கள் நின்றபோது, அறையில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு திக்காகப் போயினர். அவர் கடற்கரைக்குப் போனார். கட்டுப்பாடுகள் தளர்ந்த பின், அந்த மழைக்காலத்தில் பாலத்தின் முனையிலிருந்து அவர் குதிக்கத்தான் செய்தார். கட்டுமரத்துக்குக் கயிறு கட்டி இறக்கியவர் தந்தை. இதைத் தொலைபேசியில் சொன்னதும் அவர்தான். "முடிச்சு நான் போட்டேன் சாமி; அதனால பயமில்லை," என்றார். கடலோரக் குடும்பங்களுக்கு அவ்வாண்டு வேறு எந்த வருவாயும் இல்லை. நாம் இம்முறை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. காலைத் திருப்பலியில் மட்டும் காற்று கூடுதலாக வீசும் நாட்களில் அவர் பெயரைச் சொன்னோம்.

2021 மே மாதம் டவ்தே புயல் வந்தது. அதன் அலைகளில் பாலத்தின் ஒரு பகுதி உள்வாங்கிச் சரிந்தது. ஆள் நடக்க இயலாதென்று மூடினார்கள். மழைக்காலத்தில் அலைக்கு அப்பால் இறங்க இருந்த ஒரே வழி அடைந்தது. தூண்டிற்காரர்கள் கரையில் கொட்டிய பாறைகள்மேல் நின்று பார்த்தார்கள். பாறையில் அலை அடிக்கும் இடத்துக்குக் கணவாய் வராது. மறு ஆண்டு தம்பி திருப்பூருக்கு வந்து சேர்ந்தார், இம்முறை மனைவியோடு. இப்போது ஒரு பவர்டேபிளில் கான்டிராக்ட் எடுத்துப் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறார். பிழைப்பில் குறையில்லை. 2024 மார்ச்சில் பாலம் இரண்டாகப் பிளந்து ஒரு பகுதி கடலில் விழுந்தது. அந்தப் படத்தை ஞாயிறு திருப்பலிக்குப் பின் செல்போனில் காட்டினார். நாம் நின்ற இடம் எது என்று தேடினோம். "நீங்க நின்னது வடக்குப் பக்கம் சாமி, அது மொதல்லயே போச்சு," என்றார். அந்தப் பழைய சிரிப்பு ஒரு கணம் வந்து போயிற்று.

சென்ற ஆடியில் பேரனைப் பார்க்கப் பெரியவர் திருப்பூர் வந்திருந்தார். மாலையில் ஆலய முற்றத்தில் நின்றவர், காற்றில் முகத்தைக் காட்டி நெடுநேரம் இருந்தார். மேற்கு எது என்று கேட்டார், காட்டினோம். "நேத்து அங்கே அடிச்சதுதான்," என்றார். பிறகு முதுகை அதற்குக் காட்டித் திரும்பி நின்று, ஒரே குச்சியில் பீடி பற்றவைத்துவிட்டு, மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே கணவாய் பிடிக்கும் பொய்யிரை ஒன்று. சிவப்பும் மஞ்சளுமாகப் பனியன் கம்பெனி நூல் சுற்றியிருந்தது. மகனிடம் வாங்கிச் சுற்றினாராம்.

அதைப் பங்கு இல்லத்துச் சன்னலில் மாட்டி வைத்திருக்கிறோம். காற்று வந்தால் நீந்துகிறது. மைக்கறை பட்ட அங்கியை நம் பங்கைச் சேர்ந்த சலவைப்பட்டறைக்காரர் ஒருவர் மூன்று முறை வெளுத்துப் பார்த்தும், மார்பில் கைப்பிடியளவு சாம்பல் நிறம் தங்கிவிட்டது; மழைநாளில் அதையே அணிகிறோம். பொய்யிரையைக் கழற்றிவிடும்படி உபதேசியார் வற்புறுத்தி வருகிறார். சன்னலைச் சாத்தப் போய் இரண்டு முறை அவர் விரல் அதில் மாட்டிக்கொண்டது.